மகளுக்கு வாய்மொழிப் பரீட்சை, அசைந்தது என் வாய்

இது நடந்தது போன வருடத்துக்கு முந்தின வருடம், ஓகஸ்ட் மாதக் கடைசியில். லண்டன் நகரத்தின் நடுவில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடி அறையில். இப்போதும் அந்த வழியால் பஸ்ஸில் போக நேர்ந்தால், அந்தக் கட்டடம் வரும்போது நான் மற்றப் பக்க ஜன்னலைத்தான் பார்ப்பேன்.

முதலில் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இத்தாலிச் சட்டம் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் சொந்தக்காரரில் பாதிப்பேர் இன்னும் அப்படித்தான் கேட்கிறார்கள். நானும் கணவரும் நாட்டை விட்டு வெளிக்கிட்டு முதலில் போய்ச் சேர்ந்தது இத்தாலியில், பலேர்மோ என்ற ஊரில். அங்கே பணக்காரர் வீடுகளில் சமைத்தேன், மாடிப்படி துடைத்தேன், வயதானவர்களைக் குளிப்பாட்டினேன். எங்களைப் போல நிறையத் தமிழ்ச் சனம் அங்கே இருந்தது. மகள் பிறந்ததும் அங்கேதான். இத்தாலியக் குடியுரிமை கிடைத்த பிறகு, பிள்ளை இங்கிலிஷில் படிக்கட்டும் என்று பலரும் லண்டனுக்கு வந்தார்கள், நாங்களும் வந்து சட்டன் என்ற பகுதியில் குடியேறினோம். அப்போது மகள் சின்னப் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இப்போது எங்கள் வீட்டில் இத்தாலி மொழி வெளியே வருவது சண்டை பிடிக்கும்போது மட்டும்தான். சத்தியமாகச் சொல்கிறேன், சண்டைக்கு அதைவிட நல்ல மொழி கிடையாது.

மகள் சட்டம் படிக்கப் போனபோது, இங்கிலாந்துச் சட்டத்தையும் இத்தாலியச் சட்டத்தையும் சேர்த்துப் படிக்கும் ஒரு படிப்பு இருப்பதைக் கண்டுபிடித்தாள். பாதிக் காலம் லண்டனில், மிச்சம் இத்தாலியில். மொழி தெரியும்தானே என்ற துணிவில் சேர்ந்துவிட்டாள். ஆனால் இத்தாலிக்குப் போவதென்றால் இத்தாலிய அரசியலமைப்புச் சட்டத்தில் கட்டாயம் சித்தியடைய வேண்டும். அந்தப் பாடத்துக்கு எழுத்துப் பரீட்சை கிடையாது. பேராசிரியருக்கு முன்னால் இருந்து, இத்தாலி மொழியில், வாயால் பதில் சொல்ல வேண்டும்.

அவளோடு படித்த பிள்ளைகள் மிலானிலும் ரோமிலும் வசதியாக வளர்ந்தவர்கள். என்னுடைய பிள்ளையின் இத்தாலி பலேர்மோ தெருவிலும் நான் வேலை செய்த வீடுகளின் குசினியிலும் பழகியது. வகுப்பில் ஒருநாள் அவள் வாயைத் திறந்ததும் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்களாம். அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. மே மாதப் பரீட்சையில் முதல் கேள்விக்கே வாயடைத்துப் போனாள். வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்தவள், அடுத்த நாள் மத்தியானம்தான் எழும்பினாள். ஓகஸ்டில் இன்னொரு தரம் போகலாம். அதுதான் கடைசி. அதையும் விட்டால் இத்தாலியும் இல்லை, அந்தப் படிப்பும் இல்லை.

அந்தக் கோடை முழுக்க எங்கள் குசினியில் நான்தான் பேராசிரியர். குரோய்டனில் பேக்கரி ஷிப்ட் முடித்து வந்து நான் வெங்காயம் வெட்டுவேன், அவள் மேசையைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். நான் இத்தாலியில் அரசியலமைப்பின் ஒரு உறுப்புரையின், அதாவது பிரிவின், இலக்கத்தைச் சொன்னால் அவள் அதை ஒப்புவிக்க வேண்டும், பிறகு விளங்கப்படுத்த வேண்டும். கேட்டுக் கேட்டு எனக்கே எல்லாம் பாடமாகிவிட்டது. மூன்றாம் உறுப்புரை எனக்கு மிகவும் பிடிக்கும். எல்லோரும் சமம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்காது; மனிதர் முன்னேறாமல் குறுக்கே நிற்கும் தடைகளை அகற்றுவது குடியரசின் கடமை என்றும் சொல்லும். முதல்தரம் அதைக் கேட்டபோது கத்தியை வைத்துவிட்டேன்.

"உப்பிடி ஒரு வசனம் அங்க இருந்ததே? நான் படி துடைச்ச காலத்தில ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே!" என்றேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்கும்போதுதான் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். இத்தாலியில் வாய்மொழிப் பரீட்சை கதவைத் திறந்து வைத்துத்தான் நடக்குமாம். யாரும் உள்ளே போய் இருந்து பார்க்கலாமாம். எல்லோர் முன்னாலும் நடந்தால்தான் அநியாயம் நடந்தது என்று பிறகு ஒருவரும் சொல்ல முடியாதாம். அவர்களுடைய இத்தாலியப் பேராசிரியர் லண்டனிலும் அந்த வழக்கத்தை விடவில்லை. அவள் சொல்லி முடிக்கவில்லை, நானும் வருகிறேன் என்றேன். தனியே போய் ஒருதரம் உடைந்துபோய் வந்த பிள்ளை. பின்னால் நான் இருந்தால் ஒரு தைரியம்தானே?

இரண்டு நாள் மாட்டேன் என்று நின்றாள். பிறகு நிபந்தனை போட்டாள். "வாறதெண்டால் வாங்கோ. ஆனா பின்னுக்கு இருக்கோணும். ஒரு வார்த்தை கதைக்கக் கூடாது. எனக்குத் திருநீறு பூசக் கூடாது. சாப்பாட்டுப் பாசல் கொண்டுவரக் கூடாது."

"ஓம், ஓம், ஓம்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

இங்கே என்னுடைய ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். லண்டனில் தமிழ்ப்பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மேடையில் பிள்ளை பேசும். கீழே தாய்மார் வரிசையாக இருந்து அதே பேச்சைச் சத்தமில்லாமல் வாயால் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிள்ளை தடுமாறினால் தாயின் உதடு பெரிதாகத் திறக்கும், கண் உருளும். அந்த வரிசையில் நான் முதலாம் ஆள். மகள் ஏறாத மேடையில்லை, நான் வாயசைக்காத வருடமில்லை. என் தங்கச்சி, "அக்கா, பரிசை உனக்கெல்லோ தரவேணும்" என்று பகிடி பண்ணுவாள். நான் வேண்டுமென்று செய்வதில்லை. அது தானாக வருகிறது.

முந்தின வெள்ளிக்கிழமை லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போய் அவள் பெயருக்கு அருச்சனை செய்தேன். பரீட்சையன்று காலை, சொன்ன சொல் தவறாமல், திருநீற்றை அவளுக்குப் பூசாமல் என் நெற்றியில் அள்ளிப் பூசிக்கொண்டு புறப்பட்டேன். ரயில் முழுக்க அவள் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டே வந்தாள்.

அறை சின்னது. சுவரோரமாக ஒரு நீள மேசை. அதற்குப் பின்னால் பேராசிரியர், நரைத்த தாடி, அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டவர். அவருக்குப் பக்கத்தில் குறிப்பெடுக்க ஒரு பெண் விரிவுரையாளர், இங்கிலிஷ்காரி, ஆனால் இத்தாலி நன்றாகத் தெரிந்தவர். மகள் அவர்களுக்கு எதிரே இருந்தாள். தங்கள் முறைக்குக் காத்திருந்த நாலைந்து பிள்ளைகளோடு நான் பின்வரிசை ஓரத்தில். என் இடத்திலிருந்து மகளின் பாதி முகம் தெரிந்தது. அவள் கொஞ்சம் திரும்பினால் என்னைப் பார்க்கலாம். மேசைக்குப் பின்னால் இருந்த இரண்டு பேருக்கும் என்னை நேராகவே தெரியும்.

முருகா, முருகா என்று மனதுக்குள் தொடங்கினேன். அது எப்போது உதட்டுக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது.

முதல் கேள்வி மூன்றாம் உறுப்புரை! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. மகள் நன்றாகத்தான் தொடங்கினாள். சமத்துவம் பற்றிய முதல் பகுதியைச் சொன்னாள், விளங்கப்படுத்தினாள். பேராசிரியர் தலையாட்டினார். இரண்டாம் பகுதிக்கு வந்தாள். "அகற்றுவது குடியரசின் கடமை..." என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். எதை அகற்றுவது? அந்தச் சொல் வரவில்லை. காத்திருந்த பிள்ளைகளில் ஒன்று செருமியது. மகளின் காது சிவந்தது. மே மாதம் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று எனக்கு விளங்கியது.

பிறகு அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. "ஒஸ்தாக்கொலி." தடைகள். நான் மூச்சு விட்டேன்.

அப்போதுதான் அந்த விரிவுரையாளர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார். என்னை நேராகப் பார்த்துக்கொண்டே, பின்னால் இருக்கும் அந்தப் பெண் பதில் சொல்லிக்கொடுக்கிறார், அவருடைய உதடு அசைந்ததைப் பார்த்தேன் என்றார்.

அறையில் இருந்த எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பரீட்சையில் களவு செய்தால் பல்கலைக்கழகத்திலிருந்தே நிறுத்திவிடுவார்கள் என்று மகளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். பாவி, பிள்ளைக்குத் துணையாக வருகிறேன் என்று வந்து அவள் தலையிலேயே மண்ணைப் போட்டுவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மகள் எழுந்து நின்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வாயைத் திறந்தாள் பாருங்கள், வந்தது வகுப்பு இத்தாலி இல்லை, அசல் பலேர்மோ இத்தாலி! எங்கள் வீட்டில் சண்டைக்கு எடுக்கும் அதே இத்தாலி. இவர் என்னுடைய தாய் என்றாள். நெற்றியைப் பாருங்கள், அவர் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார், எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் இப்படித்தான் முணுமுணுப்பார் என்றாள். தன் சமயப்படி தனியாகவோ எல்லோர் முன்னிலையிலோ வழிபட எவருக்கும் உரிமை உண்டு என்று பத்தொன்பதாம் உறுப்புரை சொல்கிறது என்றாள். தீர்ப்பு முடிவாகும்வரை எவரையும் குற்றவாளியாக எண்ணக் கூடாது என்று இருபத்தேழாம் உறுப்புரை சொல்கிறது, ஒருவர் உதடு அசைந்ததைக் கண்டு நீங்கள் எப்படி முடிவு கட்டலாம் என்றாள். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அன்று சிரித்த பிள்ளைகள் அங்கே இருந்தார்களோ தெரியாது, இருந்திருந்தால் அவர்கள் வாயும் பிளந்துதான் இருந்திருக்கும்.

பேராசிரியரின் முகம் கொஞ்சம் இளகியது. அந்த விரிவுரையாளரும் யோசிப்பது போல இருந்தது. பேராசிரியர் என் பக்கம் திரும்பி, மரியாதையாகத்தான் கேட்டார், இத்தாலியில்: "அம்மா, நீங்கள் கும்பிட்டுக்கொண்டா இருந்தீர்கள்?"

ஆம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சொன்னால் எல்லாம் முடிந்தது, பிள்ளை இருந்து மிச்சப் பரீட்சையைச் செய்வாள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. தாய் முருகனைத்தான் கூப்பிட்டாள் என்று மனதார நம்பித்தான் அத்தனையும் சொன்னாள்.

ஆனால் எனக்குத் தெரியும். அவள் தடுமாறி நின்ற அந்த இடத்தில் என் வாயில் முருகன் இருக்கவில்லை. பேச்சுப்போட்டித் தாய்தான் இருந்தாள். என் உதடு பெரிதாகத் திறந்து அந்தச் சொல்லைத்தான் சொன்னது. அவள் என்னைப் பார்க்கவில்லை, மேசையின் விளிம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அதுவும் எனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னது சொன்னதுதானே. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் என் வாயால் பிள்ளையைக் கெடுத்துவிட்டேன்.

எழும்பினேன். என் வேலைக்காரி இத்தாலியில் சொன்னேன்: முதலில் கும்பிட்டது உண்மை. பிள்ளை நின்றபோது கும்பிடவில்லை, அந்தச் சொல்லைச் சொன்னேன். சத்தம் வரவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. வீட்டில் கேள்வி கேட்பது நான்தான், எனக்கும் இதெல்லாம் பாடம். பிழை என்னுடையது, அவளைத் தண்டிக்காதீர்கள்.

"அம்மா!" என்றாள் மகள். தமிழில். அந்த ஒரு சொல்லில் இருந்த கோபத்தை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இருவரும் தலையைச் சேர்த்துக் கொஞ்ச நேரம் மெதுவாகப் பேசினார்கள். பிறகு பேராசிரியர் சொன்னார்: அந்தப் பதிலைக் கணக்கில் எடுக்க முடியாது. புதிதாக ஒரு கேள்வி கேட்போம். அதற்குச் சொல்லும் பதிலில்தான் முடிவு. அம்மா தயவுசெய்து வெளியே இருக்க வேண்டும். நான் வெளியே வந்ததும் எனக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது.

நடைபாதையில் ஒரு கதிரை இருந்தது. இருக்க மனம் வரவில்லை. நாசமாய்ப் போன வாய் என்று உதட்டை விரலால் நுள்ளினேன். நன்றாகத் தெரிந்த கேள்வி போய்விட்டதே, இனி என்ன கேட்பார்களோ? பழையபடி வாயடைத்துப் போனால்? பிள்ளை காப்பாற்றப் பார்த்தாளே, நான் ஏன் தடுத்தேன்? கும்பிடக்கூடப் பயமாக இருந்தது, வாய் அசைந்துவிடுமோ என்று! உதட்டைக் கடித்துக்கொண்டு மனதுக்குள் மட்டும் கும்பிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கணவரின் போன். "என்னப்பா, முடிஞ்சுதே?" என்றார். விசயத்தைச் சொன்னேன். அவர், "உம்மை ஆர் அங்க போகச் சொன்னது? போனதுதான் போனீர், கும்பிட்டனான் எண்டு சொல்லிப்போட்டு இருந்திருக்கலாம்தானே?" என்று கத்தினார்.

"ஏலாமப் போச்சு" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் குரல் இறங்கியது. "சரி, சரி, அழாதையும். பிள்ளை வந்த உடன போன் அடியும்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

கதவு திறந்தது. மகள் வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. "வாங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். படியில் இறங்கும்போதும் பேசவில்லை, ரோட்டிலும் பேசவில்லை. நான் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனேன். கேட்கப் பயம். கணவர் இரண்டு தரம் போன் அடித்தார், எடுக்கவில்லை.

ரயில் புறப்பட்டு ஆற்றைக் கடந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அவர் என்ன கேள்வி கேட்டவர் தெரியுமோ? உங்களைப் பற்றித்தான்."

"என்னைப் பற்றியோ?"

பேராசிரியர் கேட்டாராம்: சற்று முன் உன் தாயிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன், அதற்குப் பதில் சொல்ல அவர் கடமைப்பட்டவரா? அதைக் கேட்டதும் மகளுக்குப் பயம், கோபம், தெருப்பேச்சு என்ற வெட்கம் எல்லாம் எங்கேயோ போய்விட்டதாம். இல்லை என்றாளாம். தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையை எவரும் மீற முடியாது என்று இருபத்துநாலாம் உறுப்புரை சொல்கிறது, தனக்கு எதிராகத் தானே பேசும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது, பேசாமல் இருப்பதும் அந்த உரிமைக்குள் அடக்கம் என்று விளங்கப்படுத்தினாளாம். அதோடு விட்டாளா? கேட்பவர் அதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும், நீங்கள் என் தாய்க்கு அதைச் சொல்லவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னாளாம்! பேராசிரியர், "உண்மை, நான் சொல்லவில்லை" என்று ஒப்புக்கொண்டாராம். அந்த விரிவுரையாளர்தான் முதலில் சிரித்தவராம்.

"அப்ப..." என்று இழுத்தேன்.

"பாஸ், அம்மா."

ரயிலில் இருந்த சனத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஓவென்று அழுதேன். முன்னால் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். மகள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

"நான்தான் உங்களுக்காகக் கதைச்சனே. பிறகு ஏன் சொன்னனீங்கள்? சட்டப்படி நீங்கள் வாயைத் திறக்கவே தேவையில்லை."

"நீ அவ்வளவு வடிவாச் சட்டத்தைச் சொன்னாய், பிள்ளை. அதுக்குப் பின்னால பொய்யோட ஒளிச்சு நிக்க எனக்கு ஏலாமப் போச்சு" என்றேன்.

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டன் வரப்போகும் நேரம் கையை நீட்டி என் நெற்றியில் மிச்சமிருந்த திருநீற்றை விரலால் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். கோபம் முழுக்கத் தீரவில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போன பிறகு தகப்பனுக்கு என் கதையைச் சொல்லும்போது இன்னும் இரண்டு பங்கு சேர்த்துத்தான் சொன்னாள். அந்த மனுசன் இன்றைக்கும் விருந்தினர் வந்தால் என் உதட்டை நடித்துக் காட்டாமல் விடமாட்டார்.

மகள் இப்போது இத்தாலியில் படிக்கிறாள். அங்கே பரீட்சைகளில் பெரும்பாலானவை வாய்மொழிதானாம், கதவும் திறந்துதான் இருக்குமாம். ஒவ்வொன்றுக்கும் முதல்நாள் போன் எடுத்து, "அம்மா, நீங்கள் லண்டனிலதானே நிக்கிறியள்?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வாள். தங்கச்சியின் மகன் பேச்சுப்போட்டிக்கு மேடை ஏறினால், நான் கைலேஞ்சியை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் தாய்மார் எனக்குப் பல்வலி என்று நினைக்கிறார்கள். பேசாமல் இருக்க எனக்கு உரிமை இருந்தது என்று மகள் சொன்னது அடிக்கடி நினைவுக்கு வரும். அது தெரியாமல் அன்று வாயைத் திறந்துவிட்டேனே என்று மட்டும் நான் இதுவரை ஒருநாளும் வருந்தியதில்லை.